இன்னும் ஒரு ஆள்: துனிசியப் பயணக் குறிப்புகள்

டிசம்பர் 7, 2024, சனி. துனிஸ்

விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த டாக்சிக்காரர் வாய் ஓயாமல் பேசினார். கால்பந்து, மழை, கடையில் சர்க்கரை கிடைக்காத கதை, மகளின் கல்யாணச் செலவு. "அக்டோபர் தேர்தல் எப்படி?" என்று என் வளைகுடா அரபியில் கேட்டுவைத்தேன். கை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அதற்கப்புறம் ஓட்டல் வாசல் வரை பாட்டுதான்.

இந்த ஊருக்கு வர எனக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 2011 ஜனவரியில் நான் தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஸ்டோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் துனிசியர், புரட்சி தொடங்கிய சிதி பூஸித் ஊர்ப் பக்கத்து ஆள். 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மக்கள் போராட்டம் தாங்காமல் துனிசிய அதிபர் பென் அலி சவூதிக்கு விமானம் ஏறினார். இருபத்து மூன்று வருட ஆட்சி. சனிக்கிழமை காலை நம் ஆள் ஒரு தட்டு நிறைய பக்லவாவோடு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேலாளர் அறையில் தொடங்கி லாரி டிரைவர்கள் வரை ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டினார், அவ்வளவுதான். அதே வருடம் அக்டோபரில் தூதரகத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர், மை வைத்த விரலைத் தண்ணீரில் படவிடாமல் ஒரு வாரம் வைத்திருந்தார். சாப்பிடும்போதுகூட அந்த விரல் தனியாக நிமிர்ந்து நிற்கும். நாங்கள் சிரிப்போம். எங்களுக்கு ஓட்டு மை என்றால் அடுத்த நாள் தேய்த்துப் போக்கப் பார்க்கிற அழுக்கு.

அவர் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகிறது. "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இப்போதுதான் வாய்த்தது.

மாலையில் ஹபீப் பூர்கிபா அவென்யூவில் நடந்தேன். நடுவே நடைபாதை, இரண்டு பக்கமும் வரிசையாக மரங்கள், இருட்டும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள். குடை பிடித்து நடப்பவர்கள் மழைக்காகப் பிடிக்கவில்லை என்பது தலையில் விழுந்த பிறகுதான் புரிந்தது. சாம்பல் நிற உள்துறை அமைச்சகம் இதே தெருவில்தான் இருக்கிறது. அந்த ஜனவரி 14 அன்று இதன் எதிரே நின்றுதான் கூட்டம் "தெகாஜ்!" என்று கத்தியது. பிரெஞ்சில் 'வெளியே போ'. கைப்பேசியை எடுத்தேன், காவலர் விரலை ஆட்டினார், உள்ளே வைத்துவிட்டேன்.

தெருக்கோடியில் மணிக்கூண்டு. அந்தச் சதுக்கத்துக்கு முன்பு 'நவம்பர் 7' என்று பெயர். 1987இல் அந்தத் தேதியில்தான், முதிய அதிபர் பூர்கிபாவுக்கு ஆளும் திறன் போய்விட்டது என்று ஏழு மருத்துவர்களிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பென் அலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஓடிய பிறகு 'ஜனவரி 14' சதுக்கம் ஆனது. இப்போதைய அதிபர் காய்ஸ் சயீத் 2021இல் புரட்சி நாளை டிசம்பர் 17க்கு மாற்றிவிட்டார். ஜனவரி 14 புரட்சி கைமாறிப்போன நாளாம், உண்மையான புரட்சி சிதி பூஸித்தில் தொடங்கிய நாள்தானாம். இதில் விஷயம் இல்லாமல் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் பத்து வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு. துனிஸ்

இன்று எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. காலையில் ஒரு 'டைரக்ட்' குடிக்கலாம் என்று காபிக்கடைக்குள் போனவன் மதியம் வரை வெளியே வரவில்லை. இங்கே பால் காபிக்கு அதுதான் பெயர்.

டிவியில் டமாஸ்கஸ். சிரிய அதிபர் அசாத் நாட்டை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று அப்போது யாருக்கும் தெரியாது. மாஸ்கோ என்று இரவில்தான் செய்தி வந்தது. தந்தையும் மகனுமாக ஐம்பத்து நான்கு வருடம். சைத்நாயா சிறையின் கதவுகளைத் திறக்கிறார்கள். வெளியே வருகிறவர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். கடையில் இருந்த நாற்பது ஐம்பது பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். பரிமாறுகிற பையன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான், காபி ஆறிப்போயிற்று, யாரும் கேட்கவில்லை.

2011 தொடக்கத்தில் தெற்குச் சிரியாவின் தரா ஊரில் பள்ளிப் பையன்கள் சுவரில் 'அடுத்தது உன் முறை, டாக்டர்' என்று எழுதினார்கள். அசாத் கண் மருத்துவம் படித்தவர். துனிஸ் முடிந்தது, கெய்ரோ முடிந்தது, அடுத்தது நீ என்பது பொருள். பையன்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், ஊர் திரண்டது. இங்கே இருபத்தெட்டு நாளில் முடிந்தது. எகிப்தில் பதினெட்டு நாள். அங்கே ஏறக்குறைய பதிமூன்றே முக்கால் வருடம், லட்சக்கணக்கில் சாவு.

எல்லோரும் கொண்டாடுவார்கள் என்று நினைத்தேன், நடந்தது வேறு. ஒரு பெரியவர் "மப்ரூக்!" என்று கைதட்டினார். பக்கத்து மேசைக்காரர், கல்லூரி ஆசிரியர் மாதிரி இருந்தார், "எதற்கு வாழ்த்து? தாடிக்காரர்கள் வந்ததற்கா?" என்று திரும்பினார். அப்புறம் சண்டைதான். இந்த ஊரில் அசாத் என்றால் மதவாதிகளுக்கு எதிரான அரண் என்று நினைக்கிற இடதுசாரிகளும் அரபு தேசியவாதிகளும் உண்டு. அதே ஊரிலிருந்துதான் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அசாத்தை எதிர்த்துச் சண்டை போடச் சிரியா போனார்கள், அதில் பலர் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்தார்கள். 2012இல் சிரியாவோடு உறவை முறித்த நாடு, 2023இல் சயீத் காலத்தில் மறுபடி சேர்த்துக்கொண்ட நாடு.

சண்டை ஓய்ந்த பிறகு என் மேசையில் வந்து உட்கார்ந்த பெண் சட்டம் படிக்கிறாராம். 2011இல் அவருக்கு எட்டு வயது. "என் அப்பா அன்று அழுதார். இன்று அவர்களைப் பார்த்தால் பொறாமையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது" என்றார். ஏன் பாவம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரேடியோவைத் தேடியிருப்பாரோ என்னவோ.

டிசம்பர் 9, திங்கள். துனிஸ்

காஸ்பா சதுக்கம். பிரதமர் அலுவலகம் இங்கேதான். பென் அலி போன பிறகும் அவருடைய பிரதமரே நாற்காலியில் தொடர்ந்ததால், உள்நாட்டு ஊர்களிலிருந்து பையன்கள் வண்டி பிடித்து வந்து இந்தக் கல்தரையில் படுத்துக்கொண்டார்கள். விரட்டினார்கள், மறுபடி வந்தார்கள். பிப்ரவரி 27 அன்று பிரதமர் விலகினார். அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் வந்ததே இந்தத் தரையில் படுத்தவர்களால்தான்.

பக்கத்தில் ஃபர்ஹாத் ஹஷாத் சமாதி. 1946இல் யு.ஜி.டி.டி. தொழிற்சங்கத்தைக் கட்டியவர், 1952 டிசம்பர் 5 அன்று பிரெஞ்சுக் காலனியக் கும்பல் சுட்டுக் கொன்றது. நான்கு நாள் முன்புதான் நினைவு நாள், மலர் வளையங்கள் வாடிக் கிடந்தன. இருபது தினார் நோட்டில் இருப்பதும் இவர்தான். நோட்டைக் கையில் பிடித்து முகத்தை ஒப்பிட்டுப் பார்த்த என்னைக் காவலாளி சந்தேகமாகப் பார்த்தார்.

'துனிசியா மட்டும் ஏன் பிழைத்தது' என்று பல வருடம் கட்டுரைகள் வந்தன. எனக்குப் பிடித்த பதில் இந்தச் சமாதிதான். எகிப்தில் ராணுவம் ஒரு முதலாளி. நிலம், தொழிற்சாலை எல்லாம் அதனிடம். அது அதிபர் முபாரக்கைக் கைவிட்டது, பிறகு 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மோர்சியையும் தூக்கியெறிந்தது. லிபியாவில் கடாஃபி எந்த அமைப்பையும் வளரவிடவில்லை. அவர் போனதும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள்தான் மிச்சம். இங்கே ராணுவம் சிறியது, ஆட்சி செய்து பழக்கமில்லாதது. ஆனால் ஊருக்கு ஊர் கிளை உள்ள தொழிற்சங்கம் இருந்தது. தலைமை பென் அலியோடு குலாவியபோதும் கீழ்க் கிளைகளில் ஆசிரியர்களும் தபால்காரர்களும் வேறு மாதிரி இருந்தார்கள். 2013இல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்களைச் சுட்டுக் கொன்று நாடு பிளக்கப் பார்த்தபோது, இதே சங்கம் முதலாளிகள் சங்கம், வழக்கறிஞர் சங்கம், மனித உரிமைக் கழகம் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு எல்லாக் கட்சிகளையும் உட்காரவைத்தது. 2014 ஜனவரியில் அரசியல் சட்டம் 200 ஓட்டுகளோடு நிறைவேறியது. நால்வருக்கும் சேர்த்து 2015இல் நோபல் அமைதிப் பரிசு.

அப்படிப்பட்ட சட்டம் ஏழரை வருடம்தான் தாங்கியது. மதியம் ட்ராமில் பார்தோ போனேன். நாடாளுமன்றமும் புகழ்பெற்ற மொசைக் அருங்காட்சியகமும் ஒரே வளாகம். 2021 ஜூலை 25 இரவு சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். விடிவதற்குள் சபாநாயகரும் இஸ்லாமியக் கட்சித் தலைவருமான ராஷித் கன்னூஷி வந்தார், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் ராணுவ வாகனம் நின்றது. கொரோனாவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த ஜூலை அது. ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு அரசு மாறிய அலுப்பு வேறு. அன்றிரவு மக்கள் தெருவில் இறங்கி ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். பக்கத்துக் கட்டடம் என்ற பாவத்துக்கு அருங்காட்சியகமும் இரண்டு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. கன்னூஷி 2023 ஏப்ரலிலிருந்து சிறையில். அவரைப் பிடிக்காதவர்கள் பலரும் இப்போது அவரோடு சிறையில்தான்.

டிசம்பர் 10, செவ்வாய். துனிஸ்

மழை. லப்லாபி சாப்பிட்டேன். கடைக்காரர் ஒரு மண் கிண்ணத்தையும் நேற்றைய ரொட்டியையும் கையில் கொடுத்துவிடுகிறார், நாமே பிய்த்துப் போட வேண்டும். மேலே கொதிக்கிற கொண்டைக்கடலைச் சாறு, சீரகத்தூள், ஹரிஸா மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய், ஒரு முட்டை. காரம் நம் ஆட்களுக்குப் போதும். ரொட்டி இங்கே அரசியல். 1984 ஜனவரியில் விலையை இரட்டிப்பாக்கினார்கள், கலவரத்தில் பலர் செத்தார்கள், பூர்கிபாவே டிவியில் வந்து பழைய விலைக்குத் திரும்பினார். அந்தப் பயத்தில் பகெத் ரொட்டி இன்னும் 190 மில்லிம்தான், தினாரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விலை ஏறவில்லை, ஆனால் சில மாதம் ரொட்டியே கிடைக்காமல் வரிசை நின்றது என்றார் கடைக்காரர்.

டிசம்பர் 11, புதன். லுவாஜில்

தெற்கே போகிற வண்டிகள் மொன்செஃப் பே நிலையத்தில் நிற்கின்றன. லுவாஜ் என்றால் நம் ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன்: சிவப்புப் பட்டை போட்ட வெள்ளை வேன், எட்டு இருக்கை, எட்டும் நிறைந்தால் கிளம்பும். அட்டவணை கிடையாது. "சிதி பூஸித், சிதி பூஸித், இன்னும் ஒரு ஆள்!" என்று ஓட்டுநர் கத்திக்கொண்டே இருப்பார்.

கைரவான் தாண்டியதும் சாலையில் சோதனைச்சாவடி. எட்டுப் பேரில் என்னை மட்டும் இறங்கச் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில், சகாராவுக்குத் தெற்கிலிருந்து வருகிற கறுப்பர்கள் நாட்டின் மக்கள்தொகைச் சேர்மானத்தை மாற்ற வந்த சதி என்று சயீத் பேசினார். வீடுகளிலிருந்து அவர்களைத் துரத்தினார்கள், அடித்தார்கள். என் நிறம் அந்தக் கணக்கில் விழுந்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வண்டிக்குள்ளிருந்து ஓட்டுநர், "ஹிந்தி, ஹிந்தி!" என்று கத்தினார். அரபியில் 'இந்தியன்' என்று பொருள். காவலர் முகம் இளகியது, "வெல்கம்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். பக்கத்துப் பாட்டி ஒரு கிளமெண்டைன் பழம் உரித்துக் கொடுத்தார். வாங்கித் தின்றேன், ஆனால் 'ஹிந்தி' என்று கத்த ஆளில்லாதவன் என்ன ஆகியிருப்பான் என்பது தொண்டையிலேயே நின்றது.

டிசம்பர் 12, வியாழன். சிதி பூஸித்

நண்பர் நரைத்திருக்கிறார். தோஹாவில் போட்டிருந்த அதே மாடல் கண்ணாடி. "கூயா" என்று கட்டிக்கொண்டார், இங்கே 'என் சகோதரா' என்பதன் சுருக்கம். முதல் வேலையாகத் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். சுவர் உயரத்துக்கு முகம்மது பூஅஸீஸியின் படம், வெயிலில் வெளுத்திருக்கிறது. எதிரே கல்லில் செதுக்கிய தள்ளுவண்டி. தெருவின் பெயரும் அவர்தான். சற்றுத் தள்ளி ஆளுநர் அலுவலகக் கேட். 2010 டிசம்பர் 17 அன்று அங்கேதான் தீ வைத்துக்கொண்டார். வயது 26. ஜனவரி 4 அன்று இறந்தார்.

"உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். பட்டதாரி, வேலை கிடைக்காமல் பழம் விற்றார், பெண் காவலர் அறைந்தார் என்று சொன்னேன். சிரித்தார். பட்டதாரி இல்லை. பள்ளியையே முடிக்கவில்லை. அறைந்தாரா என்பதும் தீர்ந்த விஷயமில்லை. நகராட்சிப் பெண் அலுவலரை நீதிமன்றம் 2011 ஏப்ரலில் விடுவித்தது. சந்தேகமே இல்லாத ஒன்று தராசு. அவருடைய தராசைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புகார் சொல்லப் போனார், யாரும் பார்க்கவில்லை.

இதற்கு இங்கே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'ஹொக்ரா'. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் புழுவாகப் பார்க்கிற பார்வை. மாமூல் கேட்கிறவன், கோப்பை நகர்த்தாதவன், "நீ யாரு?" என்கிறவன் எல்லோரும் அதில் அடக்கம். எதிர்ச்சொல் 'கராமா'. இதை 'கண்ணியம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். சுயமரியாதை என்றால்தான் அதன் சூடு தமிழில் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 2010 மார்ச்சில் மொனாஸ்தீரில் இன்னொரு தெரு வியாபாரி தீ வைத்துக்கொண்டு இறந்தார். நாடு எரியவில்லை. இங்கே மட்டும் ஏன்? நண்பர் விரல் விட்டு எண்ணினார். உறவினர் ஒருவர் அன்றே ஆர்ப்பாட்டத்தைக் கைப்பேசியில் பிடித்தார், அல் ஜசீரா போட்டது. ஆசிரியர் சங்கத்தார் அடுத்த ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் 2008. தென்மேற்கில் ரெதெயெஃப் என்ற பாஸ்பேட் சுரங்க ஊரில் வேலைக்கு ஆள் எடுத்த பட்டியலில் தில்லுமுல்லு என்று ஆறு மாதம் போராடினார்கள். அந்த பாஸ்பேட் உரமாகி இந்தியாவுக்கும் வருகிறது. ஸ்கிரா என்ற கடற்கரை ஊரில் இந்திய நிறுவனங்கள் பங்கு சேர்ந்த ஆலையே இருக்கிறது. 'வேலை எங்கள் உரிமை, திருட்டுக் கும்பலே' என்பது அந்த வட்டாரத்தின் கோஷம். 2010இல் இந்தத் தெருவில் அதுதான் முதலில் கேட்டது. 'ஆட்சியைக் கவிழ்ப்போம்' பின்னால் வந்தது.

"வேலை, சுதந்திரம், கராமா. வரிசையைப் பார்" என்றார். "துனிஸ்காரர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்கினார்கள். பத்து வருடம் அரசியல் சட்டம் பேசினார்கள். எங்கள் தக்காளியும் ஆலிவும் கடற்கரை ஊர்களுக்குப் போய்த்தான் விலையாகிறது, இன்றும். தொழிற்சாலை வந்ததா? பிறகு ஒருத்தர் வந்து 'சுதந்திரம் பேசியவன் எல்லாம் திருடன்' என்றார். நாங்கள் கைதட்டினோம்."

"நீங்களும்?"

"நானும்தான். 2019இல் அவருக்குத்தான் ஓட்டு. 2021 ஜூலையில் நானும் ஹாரன் அடித்தேன்."

பக்கத்தில் பழக்கடைக்காரர் பூஅஸீஸியின் பெயர் காதில் விழுந்ததும் ஏதோ திட்டினார். "அவனால்தான் எல்லாம் விலை ஏறியது" என்கிறாராம். நண்பர் பதில் சொல்லவில்லை. அவரிடமே ஒரு கிலோ கிளமெண்டைன் வாங்கினோம். எலக்ட்ரானிக் தராசு, 1.080 காட்டியது, ஒரு பழத்தை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 13, வெள்ளி. தோட்டத்தில்

ஆலிவ் பறிப்பு. மரத்தடியில் வலை விரித்துக் கிளைகளைக் கையால் கோதி உதிர்க்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் எனக்கு முதுகு போய்விட்டது, அதற்கப்புறம் தேநீர் எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை.

நண்பரின் தம்பி மகன் இருபத்து மூன்று வயது, எலக்ட்ரீஷியன். இரண்டு தடவை 'ஹர்கா' முயன்று பிடிபட்டவன். கள்ளத்தனமாகப் படகேறி இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்குப் போவதற்கு அந்தப் பெயர். சொல்லின் நேர்ப்பொருள் 'எரித்தல்': அடையாளத் தாள்களை எரிப்பது, எல்லையை எரிப்பது. தீ வைத்துக்கொண்டவன் ஊரில் அடுத்த தலைமுறை எதை எரிக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

தேர்தல் பற்றி அவனிடம் கேட்டேன். அக்டோபர் 6 அன்று நாட்டில் ஓட்டுப் போட்டது 28.8 சதவீதம். சயீதுக்கு அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். எதிர்த்து நின்ற இருவரில் ஒருவர் சிறையில் இருந்தபடியே வேட்பாளர். பையன், "எந்தத் தேர்தல்?" என்றான். கிண்டலா, உண்மையாகவே கேட்கிறானா என்று தெரியவில்லை. ஃபேஸ்புக்கில் ஏதாவது எழுதுவாயா என்றதற்கு மணிக்கட்டை மணிக்கட்டோடு சேர்த்துக் காட்டினான். 2022இல் வந்த ஆணை 54: பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்து வருடம், அரசு அலுவலர் பற்றி என்றால் இரட்டிப்பு. எது பொய் என்று முடிவு செய்வது யார் என்று கேட்பதே இப்போது ஆபத்து.

ஆனால் ஒன்று கவனித்தேன். மரத்தடியில் பறிக்க வந்த பெண்கள், நண்பர், பையன், யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. கூலி போதாது என்று ஒரு பெண் நண்பரிடமே நேருக்கு நேர் சண்டை பிடித்து, இரண்டு தினார் ஏற்றிக்கொண்டுதான் மறுபடி கிளையைப் பிடித்தார். பென் அலி காலத்திலும் இப்படித்தானா என்று கேட்டேன். "அப்போது மரத்துக்கும் காது உண்டு" என்றார் நண்பர்.

டிசம்பர் 14, சனி. சிதி பூஸித் லுவாஜ் நிலையம்

இன்னும் மூன்று நாளில் 17. சதுக்கத்தில் ஒரு ஆள் ஏணி போட்டுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார், வேறு ஆர்ப்பாட்டம் ஏதும் கண்ணில் படவில்லை. இருந்து பார்த்துவிட்டுப் போ என்றார் நண்பர். விமானம் இருக்கிறது.

ஐந்து லிட்டர் கேன் எண்ணெய் கொடுத்தார். மூடி சரியில்லை, பையின் ஒரு பக்கம் நனைந்து, இந்தக் குறிப்பு நோட்டின் மூலையும் பச்சையாகிவிட்டது.

வண்டியில் ஏழு பேர். "துனிஸ், துனிஸ், இன்னும் ஒரு ஆள்!" அரை மணி நேரம் ஆயிற்று. காலி இருக்கைக்கும் நானே காசு கொடுத்துவிடுகிறேன், கிளம்பச் சொல்லுங்கள் என்றேன். நண்பர் ஓட்டுநரிடம் சொல்லவே இல்லை.

"மறுபடி ஒழுங்கான தேர்தல் வந்தால் விரலில் மை வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார். ஆலிவ் கறை நகக்கண்ணில் கறுப்பாக ஏறியிருந்தது.

"வண்டி கிளம்ப நேரமாகும்" என்றார். எழுந்து போய் இரண்டு காபி வாங்கிவந்தார்.